விதிக்கு ஒவ்வாத கடை

தெருவில் எல்லோருக்கும் அவள் காயில் அக்கா. கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, உள்ளே தீய்ந்து கிடக்கும் செம்புக் கம்பியை உரித்தெடுத்து, புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றி, மறுபடி ஓட வைத்துக் கொடுப்பது அவள் தொழில். தண்ணீர் ஏற்றும் பம்பு, மரம் அறுக்கும் மெஷின், லிஃப்ட் என்று எது நின்றாலும் அதன் மோட்டார் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். தூக்கி வருகிறவர் பாதி உயிராக வருவார். அக்கா இரண்டே கேள்விதான் கேட்பாள். "எப்ப எரிஞ்சுது? எரியறதுக்கு முன்னாடி என்ன சத்தம் வந்துது?" அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. சுற்றுகளை எண்ண ஆரம்பித்துவிட்டால் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். ஒரு சுற்று தப்பினாலும் மோட்டார் சூடாகும். சூடானால் மறுபடி அவள் தலையில்தான் வந்து விழும்.

பத்தொன்பது வயதில் ஒரு மின்விசிறி கம்பெனியில் இந்த வேலைக்குச் சேர்ந்தாள். பெண்களுக்கு விரல் மெலிசு, பொறுமை ஜாஸ்தி என்று சொல்லி அந்தப் பிரிவுக்குப் பெண்களாகவே எடுத்தார்கள். விரல் விஷயம் உண்மை. பொறுமை விஷயத்தில் கம்பெனிக்காரர்கள் அவளைச் சரியாக விசாரிக்கவில்லை. கம்பெனி மூடியதும், அப்பா விட்டுப் போன காலி மனையில் இருபதடி அகலம், முப்பதடி நீளத்தில் ஓர் அறை எழுப்பி, மேலே தகரம் போட்டு, முன்னால் ஷட்டர் வைத்துக் கடை தொடங்கினாள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. அப்போது அந்தத் தெருவில் ஒரு மரக்கடை, ஒரு பேட்டரிக் கடை, மற்றபடி முள்ளும் புதருமாகக் காலி மனைகள். பிறகு ஒவ்வொன்றாக அடுக்குமாடிகள் எழும்பின. மரக்கடைக்காரர் விற்றுவிட்டுப் போனார். பேட்டரிக் கடைக்காரரும் போனார். அக்கா போகவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நகரத்துக்குப் புதுத் திட்ட வரைபடம் ஒன்று வந்தது. மஞ்சள் அடித்த தெருக்களில் வீடு மட்டும். ஊதா அடித்த இடத்தில் தொழிற்சாலை. அக்காவின் தெருவுக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். மாநகராட்சியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதமும் வந்தது. அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பிரயாணிகளிடம் பேசிப் பேசியே வாயை வளர்த்துக்கொண்டவர். அவர்தான் உரக்கப் படித்தார். "தங்கள் இடத்தில் நடைபெறும் தொழில், விதிக்கு ஒவ்வாத, ஆயினும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடாகக் கருதப்படும்."

"ஒவ்வாதுன்னா? நம்ம கடை அவங்களுக்கு அலர்ஜியா?" என்றாள் அக்கா.

"அலர்ஜிதான். ஆனா மாத்திரை போட்டுக்கிட்டுப் பொறுத்துக்கறாங்களாம்."

கடிதத்தின் கீழே மூன்று நிபந்தனைகள் இருந்தன. கடையைப் பெரிதாக்கக் கூடாது. கட்டிடத்தில் பாதிக்கு மேல் சேதமானால் திரும்பக் கட்டக் கூடாது. தொடர்ந்து நூற்றெண்பது நாள் தொழில் நடக்காவிட்டால் உரிமை போய்விடும். வரைபடத்துக்கு முன்பே இருந்த கடையைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது நியாயமில்லை. அதற்காக என்றைக்கும் இருக்க விடவும் முடியாது. தானாகத் தளர்ந்து விழும்வரை காத்திருப்போம் என்பது திட்டம் போட்டவர்களின் எண்ணம். காகிதத்தில் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அக்காவும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து, பழைய மோட்டார் தகடுகள் போட்டு வைக்கும் டப்பாவில் வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காரியம் செய்தாள். கம்பி சுற்றி முடித்ததும் அதை வார்னிஷில் முக்கி, ஓவனில் வைத்துச் சுட வேண்டும். அந்தப் புகை கடைக்குள்ளேயே சுற்றி அவளுக்குத் தலைவலி வந்துகொண்டிருந்தது. பின்பக்கம் ஒன்பதுக்குப் பத்து அடியில் ஒரு தகர ஷெட் போட்டு ஓவனை அங்கே மாற்றினாள். நாலு தூண், நாலு தகரம். இதற்குப் பெயர் 'பெரிதாக்குவது' என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி. பக்கத்து மனையில் புதிதாக அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஜல்லி லாரி ஒன்று சந்துக்குள் பின்னோக்கி வந்தது. "வா, வா, வா" என்று கையாட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு செல்போன் அடித்தது. எடுத்தான். "நில்லு" என்று சொல்ல மறந்துபோனான். லாரி சொன்னபடி கேட்டு வந்தது.

அக்கா அப்போது முன்பக்கம் கம்பியை எடை போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ பெரிய பாத்திரக் கடையையே கவிழ்த்த மாதிரி சத்தம். திரும்பிப் பார்த்தால் கடைக்குள் வானம் தெரிந்தது. பின்பக்கச் சுவர் விழுந்து, அதோடு கூரையும் இறங்கியிருந்தது. ஷெட் இருந்த இடத்தில் ஜல்லி இருந்தது.

ஆளுக்கு அடியில்லை. அதுவரை புண்ணியம். லாரிக்காரர் நல்ல மனிதர், அல்லது வழக்குக்குப் பயந்தவர். "அம்மா, போலீசு கேசுன்னு எதுவும் வேண்டாம். என் செலவுல பழையபடி கட்டித் தரேன்" என்று சொல்லி அடுத்த வாரமே கொத்தனாரை அனுப்பிவைத்தார். கொத்தனார் மூன்று வரி செங்கல் வைத்தார். நான்காவது வரிக்குக் கலவை போட்டபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

இறங்கியவர் மாநகராட்சி அளவையாளர். இடுப்பில் மடக்கு டேப், சட்டைப் பையில் இன்னொரு டேப். அவருக்கு வீட்டுக்காரர் அன்றைக்கே 'டேப் சார்' என்று பேர் வைத்துவிட்டார். டேப் சார் கோபக்காரர் அல்ல. மெதுவாக அளந்தார், மெதுவாக எழுதினார், மெதுவாகவே சொன்னார். "வேலையை நிறுத்துங்கம்மா. புகார் வந்திருக்கு. சேதம் ஐம்பத்தாறே முக்கால் சதவீதம். பாதிக்கு மேல போயிடுச்சு. கட்டக் கூடாது."

மறுநாள் வேறொருவர் வந்து ஷட்டரில் சிவப்புத் தாளை ஒட்டினார். ஆபத்தான கட்டிடம், பழுது நீக்கும்வரை யாரும் உள்ளே நுழையக் கூடாது. பழுது நீக்காமல் நுழையக் கூடாது, பழுதும் நீக்கக் கூடாது. அக்கா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். "இதை எழுதினவங்க இதைப் படிச்சுப் பார்த்தாங்களா?" என்று ஒட்டியவரிடம் கேட்டாள். "நான் ஒட்டறதுக்கு மட்டுந்தான்மா" என்றார் அவர்.

அதன்பின் அவள் மாநகராட்சி அலுவலகத்துக்கு நடந்த நடைக்கு, நேர்கோட்டில் நடந்திருந்தால் கடலைத் தொட்டிருக்கலாம். கட்டிடப் பாதுகாப்புப் பிரிவு முதல் மாடி. திட்டப் பிரிவு இரண்டாம் மாடி. கீழே போனால் "மேல கேளுங்க", மேலே போனால் "கீழ கேட்டுட்டு வாங்க". இரண்டுக்கும் நடுவில் இருபத்திரண்டு படி. அவள் எண்ணாமல் இருப்பாளா?

திட்டப் பிரிவின் தலைமை எழுத்தர் ஒரு பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி, பேச்சில் ஒரு வார்த்தை அதிகம் இருக்காது. ஒருநாள் அக்காவின் கோப்பைப் புரட்டிவிட்டு, "இன்னிக்கு நாப்பத்தோராவது நாள்" என்றார்.

"எதுக்கும்மா?"

"உங்க கடை மூடி. நூத்தெண்பது ஆனா உரிமை போயிடும். தெரியுமில்ல?"

"நான் எங்கம்மா மூடினேன்? நீங்கதானே மூடினீங்க!"

"நாங்க மூடல. பாதுகாப்புப் பிரிவு மூடுச்சு."

"ரெண்டும் ஒரே ஆபீசுதானே?"

"கட்டிடம் ஒண்ணு. ஃபைல் வேற."

அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அடிக்கிற கையும் உங்களுது, அழாதேன்னு வாயைப் பொத்தற கையும் உங்களுதா இருந்தா நான் யார்கிட்டம்மா போய்ச் சொல்றது?" என்று கத்திவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் போட்டா நாள் நிக்காது. அந்த இடத்துல தொழில் நடந்தாகணும். கொஞ்சமா நடந்தாலும் நடந்ததுதான். விதியில எவ்வளவுன்னு எழுதல."

அது உதவியா, எரிச்சலில் சொன்ன வார்த்தையா என்று அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டாள். கீழே போய்க் கெஞ்சிக் கூத்தாடி, பத்து நிமிஷம் தலைக்கவசத்தோடு உள்ளே போய்ச் சாமான் எடுக்க அனுமதி வாங்கினாள். கையால் சுற்றும் சின்ன மெஷின், கம்பிச் சுருள்கள், கத்தரி, மூங்கில் குச்சி, ஒரு மேசை. எல்லாவற்றையும் ஷட்டருக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் தரையில் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே மின்சாரம் இல்லை, கை இருந்தது. வெயிலுக்கு வீட்டுக்காரர் ஒரு பெரிய குடையை மேசைக் காலில் கட்டினார்.

மூன்றாம் நாள் தெரு ஆக்கிரமிப்புப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். மேசை நடைபாதைப் பக்கம் ஓரடி நீட்டிக்கொண்டிருக்கிறதாம். ஷட்டரைப் பாதி தூக்கி மேசையைப் பின்னால் தள்ளினாள். ஒரு வாரம் கழித்துப் பாதுகாப்புப் பிரிவு. மேசையின் பின்னங்கால் ஷட்டர் கோட்டைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அது நுழைவதற்குச் சமம். வீட்டுக்காரர் ரம்பம் எடுத்து வந்து மேசையை ஓரடி அறுத்தார். அறுக்கும்போது, "முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுல படியில நின்னவனை 'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்தியே தொண்டை போச்சு. இங்க பாரு, உள்ள போகாதேங்கறதுக்கு ஒரு ஆபீசு, வெளிய வராதேங்கறதுக்கு ஒரு ஆபீசு" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குட்டை மேசையில் ஒரு நாளைக்கு ஒரு சின்ன மோட்டார் முடித்தாலே பெரிது. சுடுவதற்கு ஓவன் இல்லாததால், மூன்று நாள் காற்றில் காயும் வார்னிஷைப் பூசிக் கொடுத்தாள். அது அவளுக்கே பிடிக்காத வேலை. அப்படிக் கொடுத்த மோட்டார் ஒன்று இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் கை பட்டு அவ்வளவு சீக்கிரம் திரும்பியது அது ஒன்றுதான். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை.

இதற்கிடையே அளவைத் தாளின் நகலுக்கு எழுதிப் போட்டிருந்தாள். அது வந்ததும் மேசையில் விரித்து, சுற்று எண்ணுகிற கவனத்தோடு படித்தாள். மொத்தக் கட்டிடம் அறுநூறு சதுர அடி. விழுந்தது முந்நூற்று நாற்பது. அங்கேதான் அவள் விரல் நின்றது. கடையில் விழுந்தது இருநூற்றைம்பதுதான். மீதித் தொண்ணூறு பின்னால் இருந்த ஷெட். விழுந்த கணக்கில் ஷெட் இருக்கிறது. மொத்தக் கணக்கில் இல்லை.

டேப் சாரை அலுவலக வாசலில் பிடித்தாள்.

"சார், விழுந்ததுல ஷெட்டைச் சேர்த்திருக்கீங்க. மொத்தத்துல சேர்க்கலியே?"

"ஷெட்டுக்கு அனுமதி இல்லம்மா. அனுமதி இல்லாததைக் கட்டிடம்னு எப்படிச் சேர்க்கறது?"

"அப்ப விழுந்ததுல எப்படிச் சேர்த்தீங்க?"

"விழுந்து கிடந்துதே. கண்ணால பார்த்தேனே."

"நின்னா இல்ல. விழுந்தா இருக்கு. அப்படித்தானே?"

டேப் சார் யோசித்தார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. அதுதான் அக்காவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வீட்டுக்காரர் அதற்குள் செல்போனில் கணக்குப் போட்டுவிட்டார். "ரெண்டு பக்கமும் சேர்த்தா அறுநூத்தித் தொண்ணூறுல முந்நூத்தி நாப்பது. நாப்பத்தொன்பதே கால்! பாதிக்குக் கம்மி! பாஸ்!"

டேப் சார் குரலைத் தாழ்த்தினார். "அதைக் கேக்காதீங்க. ஷெட்டும் கடைதான்னு நீங்களே எழுதிக் குடுத்தா, திட்டம் வந்ததுக்கப்புறம் பெருசாக்கினதை ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்குத் தனி விதி. மொத்தக் கடையும் போயிடும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஷெட்டைச் சேர்த்தால் பெரிதாக்கிய குற்றம். சேர்க்காவிட்டால் ஐம்பத்தாறே முக்கால். ஷெட்டே வேண்டாம், இரண்டு கணக்கிலிருந்தும் எடுங்கள் என்று மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அது அக்காவுக்கும் தெரிந்தது. ஆனால் ஷெட் போனால் ஓவன் போகும். ஓவன் போனால் வேலையில் பாதி போகும். தன் கையால் தன் விரலை வெட்டிக்கொள்ளச் சொன்னால் யாருக்கு மனசு வரும்? மேல்முறையீட்டு மனுவில் ஷெட்டைப் பற்றி எழுத வேண்டிய இடத்தை நிரப்பாமல் பத்து நாள் வைத்திருந்தாள்.

நகலோடு புகாரின் நகலும் வந்திருந்தது. புகார் போட்டவர் பின்னால் இருக்கும் அடுக்குமாடி, மூன்றாவது மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். "நானும் வரேன்" என்றார் வீட்டுக்காரர். "நீங்க வந்தா ஜோக் அடிப்பீங்க. எனக்குச் சண்டை போடணும்" என்றாள்.

கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். அக்கா வாசலிலேயே ஆரம்பித்தாள். "இருபத்தாறு வருஷமா இருக்கேன் தம்பி. உங்க பில்டிங்குக்கு அஸ்திவாரம் தோண்டினப்ப தண்ணி இறைச்ச மோட்டாரை நான்தான் கட்டிக் குடுத்தேன். நீங்க வந்து மூணு வருஷம். என் கடையை மூடச் சொல்லி எழுதறீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. "மூடச் சொல்லலீங்க. உள்ள வாங்க."

"வரல. இங்கேயே சொல்லுங்க."

"பின்னாடி அந்த ஓவன் புகை. என் பொண்ணுக்கு மூச்சுத் தொந்தரவு. ஜன்னலைத் திறந்தா இருமல். ரெண்டு வருஷம் சொல்லலாமா வேண்டாமான்னே இருந்தேன். திரும்பக் கட்ட ஆரம்பிச்சதும் பயந்து போய் ஆன்லைன்ல புகார் போட்டேன். அதுல புகைன்னு ஒரு கட்டமே இல்லீங்க. 'விதிமீறல்'னு ஒண்ணுதான் இருந்துச்சு. அதைத் தொட்டேன். அப்புறம் கடையை நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"கீழ இறங்கி வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கணும்" என்றார் அவர்.

உள்ளே ஹாலில் ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி தரையில் குப்புறப் படுத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. கீழே அக்காவின் கடை தெரிந்தது. மேலேயிருந்து அவள் அதைப் பார்த்ததே இல்லை. பாதிக் கூரை, பாதி ஓட்டை, ஓரத்தில் ஒரு குடை. "இந்த நாலு மாசமாத்தான் ஜன்னலைத் திறந்து வைக்கறோம்" என்றார் அவர். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை.

அக்காவுக்குத் தன் தலைவலி ஞாபகம் வந்தது. புகை தன்னைப் படுத்தியபோது அதைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாளா? அப்போது மனை காலியாக இருந்தது, சரி. பிறகு? "மாத்திரை, மருந்து எல்லாம் ஒழுங்காக் குடுக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கினாள்.

"என்ன, ஜெயிச்சியா?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. எரிச்சலைக் கிளப்பாதீங்க" என்றாள். உண்மையில் யார் மேல் எரிச்சல் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. கட்டம் இல்லாத படிவத்தின் மேல், இறங்கி வராத மனிதர் மேல், எட்டிப் பார்க்காத தன் மேல். எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது. மறுநாள் மனுவில் காலியாக விட்டிருந்த இடத்தை நிரப்பினாள்.

விசாரணை நூற்று ஐம்பத்தெட்டாம் நாள் நடந்தது. நீளமான மேசை, நடுவில் திட்டத் துறையின் இணை இயக்குநர், இரண்டு பக்கமும் ஆட்கள், ஓரத்தில் டேப் சார். இணை இயக்குநர் கோப்பைப் பார்த்தபடியே, "கடை மூடி அஞ்சு மாசம் ஆச்சு, இல்லையா?" என்றார்.

"மூடல சார்" என்றாள் அக்கா. "வாசல்ல உக்காந்து தினம் வேலை செஞ்சேன். உங்க ஆபீசுலேர்ந்தே ரெண்டு பேர் வந்து பார்த்து நோட்டீஸ் குடுத்திருக்காங்க. ஒருத்தர் மேசை வெளிய நீட்டுதுன்னாரு. இன்னொருத்தர் உள்ள நீட்டுதுன்னாரு. வேலையே நடக்கலேன்னா மேசை எதுக்கு சார் நீட்டுது?" இரண்டு நோட்டீஸையும் எடுத்து வைத்தாள்.

ஓரத்தில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். இணை இயக்குநர் சிரிக்கவில்லை. நோட்டீஸ்களின் தேதிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "சேதம் பாதிக்கு மேல இருக்கே?"

அக்கா எழுந்து நின்றாள். "ஷெட்டு நான் போட்டது. அனுமதி வாங்கல, தப்புதான். அதை நான் திரும்பப் போடல. ஓவனும் வெக்கல. மொத்தத்துலயும் எடுத்துடுங்க, விழுந்ததுலயும் எடுத்துடுங்க. ஒரு பக்கம் மட்டும் வெச்சுக் கணக்குப் போடாதீங்க. அறுநூறுல இருநூத்தைம்பது. அவ்வளவுதான் சார் நான் கேக்கறது."

இணை இயக்குநர் டேப் சாரைப் பார்த்தார். டேப் சார் கணக்குப் போட்டார். இத்தனை சின்னக் கணக்குக்கு அவ்வளவு நேரம் ஆகுமா என்று வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "நாற்பத்தொன்றரைக்குக் கொஞ்சம் மேல சார்" என்றார் டேப் சார். பிறகு யாரும் கேட்காமலேயே, "முதல் தாள்ல நான் ஷெட்டைச் சேர்த்தது சரியில்ல சார்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஆனாலும் சொன்னார்.

உத்தரவு பதினெட்டு நாள் கழித்து, நூற்று எழுபத்தாறாம் நாள் வந்தது. அதே சுவர், அதே உயரம், அதே அறுநூறு சதுர அடியில் திரும்பக் கட்டலாம், தொழிலைத் தொடரலாம். அக்கா கண்ணை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றாள். 'மேற்படி இடத்தில் நடைபெற்று வரும் கயிறு சுற்றும் தொழில்' என்று இருந்தது.

"கயிறா?" என்றாள்.

"காயிலைக் கயிறாக்கிட்டான்" என்றார் வீட்டுக்காரர். "விடு. கையெழுத்து இருக்கில்ல?"

"எப்படி விடறது? நாளைக்கு எவனாவது வந்து, 'கயிறுதானே சுத்தச் சொன்னோம், மோட்டார் எங்கேர்ந்து வந்துது'ம்பான். மறுபடி இருபத்திரண்டு படி ஏறணும்."

அன்றைக்கே ஏறினாள். தலைமை எழுத்தர் படித்துப் பார்த்து, "திருத்தணும்னா திரும்ப மேல போகணும். பத்து நாள் ஆகும்" என்றார்.

"பத்து நாள் ஆனா நூத்தி எண்பத்தாறு. அதுவரைக்கும் காகிதத்துல மோட்டார் வேலையே நடக்கலேன்னு ஆயிடும். நான் எண்ணுவேம்மா. என் தொழிலே எண்ணறது. இந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன். நீங்க எப்ப திருத்தறீங்களோ அப்ப எந்திரிக்கறேன்."

பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. மூன்று மணிக்குத் தலைமை எழுத்தர் தானே எழுந்து கோப்போடு உள்ளே போனார். நாலு மணிக்குத் திரும்பி வந்து ஒரு திருத்தச் சீட்டை உத்தரவின் மேல் ஒட்டி, அதன் மேல் முத்திரை அடித்தார். "மோட்டார் காயில்" என்று சரியாக இருந்தது. "இந்த மாதிரி எல்லாரும் உக்காந்தா எனக்கு பெஞ்சு பத்தாது" என்றார். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாக ஏதோ ஓடியது. சிரிப்பென்று சத்தியம் செய்ய முடியாது.

லாரிக்காரர் வாக்குத் தவறவில்லை. கொத்தனார் வந்து பழைய மூன்று வரியை இடித்துவிட்டு முதலிலிருந்து வைத்தார், மழையில் நனைந்து ஊறிப்போயிருந்ததால். மூன்று வாரத்தில் கூரை ஏறியது. ஷெட் இருந்த இடத்தை அக்கா காலியாக விட்டாள். ஓவன் வேலைக்கு ஊதா அடித்த பகுதியில் ஒரு பெரிய பட்டறையைப் பிடித்தாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்காரர் மோட்டார்களைச் சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் கொண்டு போய்ச் சுட்டுக்கொண்டு வருகிறார். இளவயதுக் கண்டக்டர்கள் சாக்கைப் பார்த்து லக்கேஜ் டிக்கெட் கேட்கும்போது, தன் காலத்தில் தான் கேட்டதையெல்லாம் நினைத்துக்கொண்டு பேசாமல் எடுக்கிறாராம். முன்பு ஒரு நாளில் முடிந்த வேலைக்கு இப்போது மூன்று நாள். வாடிக்கையாளர்களில் சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு அது வலித்தது. வருகிறவர்களுக்காவது சுட்ட மோட்டார் கொடுக்கிறோம் என்று தேற்றிக்கொண்டாள். மூன்றாவது மாடிக்காரர் ஒருநாள் இறங்கி வந்து வாசலில் நின்றார். "பொண்ணு எப்படி இருக்கா?" என்றாள். "நல்லா இருக்காங்க" என்றார். போய்விட்டார்.

சிவப்புத் தாளைக் கிழித்து, ஷட்டரை முழுக்க மேலே தூக்கிய முதல் நாள். ஒன்பது மணிக்கெல்லாம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், பம்பு மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து புது மேசை மேல் தொப்பென்று வைத்தார். வியர்வையைத் துடைத்தபடி உரிமையோடு கோபித்துக்கொண்டார்.

"என்னக்கா இது? ஆறு மாசமாக் கடையை மூடிட்டு எங்க போயிட்டே?"

அக்கா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். தெருவுக்கே கேட்கிற குரலில், "மூடல! ஒரு நாள் கூட மூடல! எவன் சொன்னான் மூடினேன்னு?" என்றாள்.

அவர் மிரண்டு இரண்டடி பின்னால் போனார். அக்கா மோட்டாரைத் தன் பக்கம் இழுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே முகர்ந்து பார்த்தாள்.

"சரி, சொல்லுங்க. எப்ப எரிஞ்சுது?"